கேம் வாங்கிறதா, கிராக் இறக்கிறதா, டெமோ பாக்கிறதா? புதுசா விளையாட வாறவங்களுக்கு ஒரு விளக்கம்

ஏ.எல் சோதினை எழுதி முடிச்சுப்போட்டு ரிசல்ட் வாற வரைக்கும் வீட்டில இருக்கிற பெடியளுக்கு ஒரு லப்டொப் கைக்கு வந்தா முதல் வாற கேள்வி "அண்ணா, கேம் எங்க இறக்கிறது?" எங்க வாங்கிறது எண்டு கேக்கிற ஆளை நான் திருகோணமலையில காண்றது குறைவு. சண்டை பிடிக்க வரேல்ல, ஊர் நிலவரம் அதுதான். ஆனா காசு குடுக்காம ஒரு கேம் லப்டொப்புக்குள்ள வர நாலஞ்சு வழி இருக்கு, அதில சிலது கம்பனியே சும்மா தாறது, சிலது திருட்டு, சிலது காசையும் குடுத்து திருட்டையும் செய்யிற கூத்து, இது எல்லாத்தையும் ஒண்டு எண்டு நினைச்சுக்கொண்டுதான் கனபேர் டேட்டாவையும் லப்டொப்பையும் பாழாக்கிறாங்க. அதைக் கொஞ்சம் பிரிச்சுச் சொல்லுவம்.

முதல்ல பைரசி, அதாவது திருட்டுக் கொப்பி. ஒரு கேமை ஸ்டீம் மாதிரி ஓன்லைன் கடையில வாங்கினா, அது திறக்கிற நேரம் "இந்த அக்கவுண்ட் இதை வாங்கி இருக்கா" எண்டு பாக்கும். எல்லாக் கேமும் பாக்காது, பெரும்பாலானது பாக்கும். அந்தப் பூட்டுக்குப் பேர் டிஆர்எம். பைலை மாத்தி, வாங்காத ஆளுக்கும் திறக்கிற மாதிரிச் செய்து விட்டா அது கிராக். கிராக் பண்ணினதை இன்னும் நெருக்கிச் சுருக்கி சின்ன சைஸ்ல விட்டா அது ரீபேக். இந்தப் பேர் ஒண்டும் தெரியாட்டியும் பரவாயில்ல, கூட்டாளி பென் ட்ரைவ்ல கொண்டு வந்து தாற கேம் அனேகமா இந்த ரெண்டில ஒண்டாத்தான் இருக்கும். இலங்கையில 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் புரோகிராமுக்கும் புத்தகம், பாட்டு மாதிரியே பதிப்புரிமை குடுக்குது. உவர்மலையில ஒரு வீட்டுக் கதவைத் தட்டி "நீ கேம் கொப்பி வச்சிருக்கிறியா" எண்டு ஆரும் கேட்டதா நான் கேள்விப்படேல்ல, அதுக்காக அது சட்டப்படி சரி எண்டு ஆகிடாது.

சீடி கடைக் காலத்தை இப்பத்தப் பெடியள் காணேல்ல. நூறு, நூத்தம்பது ரூபாக்கு பிளாஸ்டிக் உறையில போட்டுத் தருவாங்க, அட்டையில கலர் பிரிண்ட், உள்ளுக்க சீரியல் நம்பர் பேனையால எழுதி இருக்கும். ஒருத்தரும் அதைத் திருட்டு எண்டு நினைக்கேல்ல, கடையில காசு குடுத்து வாங்கினதுதானே. கேமைச் செஞ்சவங்களுக்கு அதில ஒரு சதமும் போகேல்ல எண்டதுதான் விஷயம்.

இப்ப கிராக் இறக்கிறவங்க சொல்ற காரணம் ரெண்டு. ஒண்டு காசு இல்ல, அதைப் பிறகு பாப்பம். மற்றது "வாங்க முதல் ஒருக்கா போட்டுப் பாக்கத்தான் இறக்கிறன், பிடிச்சா வாங்குவன்". இந்த ரெண்டாவதைச் சும்மா சாட்டு எண்டு தள்ள ஏலாது, ஒரு காலத்தில அது ஞாயமான கதைதான். உறை பிரிச்ச கேம் டிஸ்க்கை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது, ஸ்டீம் கூட 2015 ஜூன் வரைக்கும் பொதுவா காசு திருப்பித் தரேல்ல, நல்லா இல்லாட்டி உங்கட தலைவிதி. ஆனா இண்டைக்கு அந்தக் கதை அவ்வளவா நிக்காது, ஏனெண்டா போட்டுப் பாக்க வேற வாசல் கனக்கத் திறந்திருக்கு, அதை விட முக்கியம், கிராக் போட்டுப் பாக்கிறதுக்கு உருப்படியான சாமானே இல்ல. ஏன் எண்டு சொல்றன்.

டெமோ எண்டது கேம்ட ஒரு துண்டைக் கம்பனியே சும்மா போட்டுப் பாக்க விடுறது, அது புது ஐடியா இல்ல. 1993 டிசம்பர்ல ஐடி சொப்ட்வேர் எண்ட அமெரிக்கக் கம்பனி டூம் எண்ட கேமை விட்ட நேரம், மூண்டு பாகத்தில முதல் பாகத்தை முழுசா சும்மா குடுத்துப்போட்டு, இதைக் கொப்பி பண்ணி எல்லாருக்கும் குடுங்க எண்டு சொன்னாங்க. மிச்ச ரெண்டு பாகம் வேணுமெண்டா காசு கட்டி எடுக்க வேணும். ஷெயார்வெயார் எண்டு சொல்றது இதைத்தான். ஊரெல்லாம் கொப்பி பண்ணாதே எண்டு கத்திக்கொண்டிருக்க, கொப்பி அடிக்கச் சொல்லியே பணக்காரரானவங்க அவங்க. பிறகு பத்திரிகையோட டெமோ டிஸ்க் வந்துச்சு, பிளேஸ்டேஷன்லயும் டெமோ டிஸ்க் வந்துச்சு, பிறகு பெரிய கம்பனிகள் மெல்ல மெல்ல டெமோவைக் கைவிட்ட மாதிரி ஒரு காலமும் வந்துச்சு. டெமோ செய்யிறதும் செலவுதானே, நல்லா இல்லாத கேமுக்கு டெமோ விட்டா வாங்க இருந்தவனும் ஓடிடுவான்.

இப்ப திரும்ப வந்திருக்கு. ஸ்டீம்ல நெக்ஸ்ட் ஃபெஸ்ட் எண்டு வருஷத்துக்கு மூண்டு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு கிழமை, இன்னும் வெளிவராத கேம்கள்ட டெமோக்களை நூற்றுக்கணக்கில போடுறாங்க, ஒரு சதம் குடுக்கத் தேவையில்ல, கார்ட் கூடத் தேவையில்ல. வெளிவந்து பழசான கேம்களுக்கும் டெமோ இருக்கு, உதாரணத்துக்கு ஃபெக்டோரியோ எண்டு தொழிற்சாலை கட்டிற கேம் ஒண்டு, அந்தக் கம்பனி விலை குறைக்கவே மாட்டம், சேல் எண்டதே இல்ல எண்டு கொள்கையா வச்சிருக்கு, அதுக்குப் பதிலா டெமோ சும்மா தாறாங்க, விளையாடிப் பார், பிடிச்சா முழு விலை குடு. எனக்கு இந்த நேர்மை பிடிக்கும். ஆனா எல்லா டெமோவையும் அப்பிடியே நம்பவும் கூடாது. சந்தையில பலாப்பழக்காரர் ருசி பாக்கத் தாற சுளையை அவர்தான் தெரிஞ்செடுக்கிறார், டெமோவும் அப்பிடித்தான், நல்லா மினுக்கின ஒரு மணித்தியாலத்தை வெட்டித் தருவாங்க, பத்தாவது மணித்தியாலத்தில அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற கேமா எண்டு டெமோவில தெரியாது. டெமோவை வச்சு நிச்சயமாத் தெரிஞ்சுகொள்ளக் கூடியது உங்கட லப்டொப்புக்கு அது ஏலுமா, கைக்கு கொன்ட்ரோல் வசதியா இருக்கா எண்ட ரெண்டும்தான், அதுவே பெரிய விஷயம்.

அடுத்தது ரிஃபண்ட். ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணித்தியாலத்துக்குக் குறைவா விளையாடி இருந்தா, காரணம் என்ன எண்டாலும் திருப்பிக் கேக்கலாம். பிடிக்கேல்ல எண்டதும் ஒரு காரணம்தான். எபிக் கடையிலயும் அதே 14 நாள் 2 மணித்தியாலக் கணக்குத்தான். ஜிஓஜி எண்ட கடையில 2020 இல இருந்து 30 நாள். இதில புதுசா வாறவங்க மாட்டுப்படுற இடம் ஒண்டு இருக்கு, ஸ்டீம் கணக்கெடுக்கிறது கேம் திறந்து கிடந்த நேரத்தை, நீங்க விளையாடின நேரத்தை இல்ல. மெனுவைத் திறந்து வச்சிட்டு சாப்பிடப் போனா அதுவும் ஓடும், சில புது கேம் முதல் தரம் திறக்கேக்க ஷேடர் கொம்பைல் பண்றன் (படம் காட்டத் தேவையானதைத் தயார் பண்றது) எண்டு அரை மணித்தியாலம் உறுமிக்கொண்டு இருக்கும், அதுவும் ஓடும். டெமோ விளையாடின நேரம் மட்டும் இதில சேராது, அது தனி.

இனி எங்கட ஊர்க் கணக்கு. வெளிநாட்டுக்காரன் எழுதிற விளக்கத்தில இது இருக்காது. ரிஃபண்ட் காசைத் திருப்பித் தரும், டேட்டாவை ஆர் திருப்பித் தாறது? இண்டைக்கு ஒரு பெரிய கேம் 100 ஜிபி, அதுக்கு மேலயும் இருக்கு. வீட்டில ஃபைபர் இல்லாம ரவுட்டர்ல சிம் போட்டு மாசத்துக்கு இவ்வளவு ஜிபி எண்டு அளந்து பாவிக்கிற வீட்டில, ஒரு கேமை "சும்மா பாத்திட்டுத் திருப்பிக் குடுப்பம்" எண்டு இறக்கினா அந்த மாசத்தில தங்கச்சிக்கு ஓன்லைன் கிளாஸ் இல்ல, அப்பாவுக்கு நியூஸ் இல்ல, பிறகு வீட்டில கேம் எண்ட பேரை எடுக்கவே ஏலாது. கிராக்குக்கும் இதே கணக்குத்தான், சும்மா கிடைக்குது எண்டு சொன்னாலும் அம்பது அறுபது ஜிபி எரிச்சுத்தான் வருது, ரீபேக் எண்டா டவுன்லோட் குறையும் ஆனா விரிச்சு இன்ஸ்டோல் பண்ண ஒரு சின்ன லப்டொப்புக்கு மணித்தியாலக் கணக்கு எடுக்கும், கடைசியில பிழைச்சுப் போனா திரும்ப முதல்ல இருந்து. அதால எங்களுக்கு டெமோவுக்கு இன்னொரு மதிப்பு இருக்கு. அனேகமா ரெண்டு மூண்டு ஜிபில கதை முடிஞ்சிடும். சின்னக் கேம்ட டெமோ அதை விடக் குறைய.

டேட்டாவைப் பற்றிக் கதைச்சாச்சு, ஒரு உதவிக் கதையும் சொல்லி விடுறன், கனபேருக்குத் தெரியாது. ஸ்டீம்ல ஒரே கேமை ரெண்டு பேரும் வச்சிருந்தா, ஒருத்தர் இறக்கின பைலை மற்றவர் இன்டர்நெட்ல இருந்து திரும்ப இறக்காம வீட்டு வைஃபைக்குள்ளாலயே எடுக்கலாம், 2023 இல அந்த வசதியைப் போட்டவங்க. பக்கப் எடுத்து ஹார்ட் டிஸ்க்ல கொண்டு போகவும் ஏலும். கவுண்டர் ஸ்ட்ரைக் மாதிரி சும்மா விளையாடுற கேமுக்கும் இது சரிவரும். கிண்ணியாவில மச்சான் வீட்டில ஃபைபர் இருந்தா போய்ச் சாப்பிட்டு, கதைச்சு, கேமையும் கொப்பி பண்ணிக்கொண்டு வாங்க, இது திருட்டில்ல, நூறு வீதம் சட்டப்படி.

சரி, கிராக் ஏன் நல்ல டெமோ இல்ல? கிராக்ல வாறது அனேகமா கேம் வெளிவந்த புதுசில இருந்த பைல், பிறகு கம்பனி திருத்தி விட்ட அப்டேட் அதில வராது, ஓன்லைன் பகுதி வேலை செய்யாது, அதை விளையாடிப்போட்டு "கேம் சரியில்ல, பிழை கூட" எண்டு முடிவெடுத்தா நீங்க மதிப்புப் போட்டது கம்பனி விக்கிற கேமை இல்ல. சில கம்பனிகள் திருட்டுக் கொப்பிக்காரருக்கெண்டு வேணுமெண்டே பொறி வச்சும் விட்டிருக்கிறாங்க. 2009 இல வந்த பேட்மேன் ஆர்க்கம் அசைலம் கேம்ல, திருட்டுக் கொப்பி எண்டு கண்டுபிடிச்சா பேட்மேன் சால்வையை விரிச்சு மிதக்கிற வித்தை வேலை செய்யாத மாதிரி செய்து வச்சிருந்தாங்க, மிதக்காட்டி அந்தக் கேமை ஒரு கட்டத்துக்கு மேல கொண்டு போகவே ஏலாது. 2011 இல சீரியஸ் சாம் 3 இல திருட்டுக் கொப்பிக்காரனுக்குப் பின்னால சாகவே சாகாத ஒரு பெரிய தேள் துரத்திக்கொண்டு வரும். இதுகளை வாசிக்கச் சிரிப்பு.

சிரிப்பில்லாத பக்கம் வைரஸ். 2021 இல அவாஸ்ட் எண்ட அன்டிவைரஸ் கம்பனி கிராக்கனோஷ் எண்டு ஒண்டைப் பற்றி வெளியில விட்டாங்க, ஜிடிஏ 5, என்பிஏ 2கே19 மாதிரி கேம்கள்ட கிராக் கொப்பிக்குள்ள ஒளிச்சு வந்து, விண்டோஸ்ல இருக்கிற அன்டிவைரஸை நிப்பாட்டிப்போட்டு, உங்கட மெஷினை வச்சு மொனேரோ எண்ட கிரிப்டோ காசை ஆருக்கோ உழைச்சுக் குடுக்கிற சாமான். 222,000 க்கு மேல கொம்பியூட்டர்ல இருந்துச்சு, 20 லட்சம் டொலருக்கு மேல உழைச்சிருக்கிறாங்க. ஓகஸ்ட் மாச வெக்கையில திருகோணமலையில லப்டொப் ஃபேன் கத்தினா ஆரும் வைரஸ் எண்டு நினைக்க மாட்டம், வெயில் எண்டுதான் நினைப்பம், கரண்ட் பில் வரேக்க அம்மா ஏசுவா. கிராக் இன்ஸ்டோல் பண்ணேக்க "அன்டிவைரஸை ஓஃப் பண்ணு" எண்டு சொல்லுவாங்களே, கதவைத் திறந்து விடுறது நீங்கதான். ஞாயமாச் சொல்றதெண்டா கடையில இருக்கிறதெல்லாம் சுத்தம் எண்டும் இல்ல, 2025 பெப்ரவரியில பைரேட்ஃபை எண்ட ஒரு சும்மா கேம் ஸ்டீம்லயே வைரஸோட கிடந்து பிறகுதான் தூக்கினாங்க. பேரைப் பாருங்க. ஆனா அங்க தூக்கிறதுக்கும் இறக்கினவங்களுக்கு மெசேஜ் போட்டுச் சொல்றதுக்கும் ஒரு ஆளாவது இருக்கு.

பைரசியால கேம் செய்யிறவங்களுக்கு உண்மையா நட்டமா எண்டு டச்பே கடற்கரையில பின்னேரம் கதைச்சா ரெண்டு கட்சியா பிரிஞ்சிடுவம், முடிவு வராது. ரெண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கு. 2013 இல கிரீன்ஹார்ட் கேம்ஸ் எண்டு அண்ணன் தம்பி ரெண்டு பேர் கேம் டெவ் டைக்கூன் எண்ட கேமை வெளியிட்டாங்க, கேம் கம்பனி நடத்திற கேம். வெளியிட்ட உடனே தாங்களே ஒரு கிராக் கொப்பியும் டொரண்ட்ல, அதாவது ஆக்கள் பைலைத் தங்களுக்குள்ள பகிர்ற வழியில, விட்டாங்க. முதல் நாள் காசு குடுத்து வாங்கி விளையாடினவங்க 214, கிராக்ல விளையாடினவங்க 3,104. அந்தக் கிராக் கொப்பிக்குள்ள ஒரு வேலை பாத்திருந்தாங்க, கொஞ்ச நேரம் விளையாடின பிறகு கேமுக்குள்ள உங்கட கம்பனி செய்யிற கேமை எல்லாம் ஆக்கள் திருட்டுத்தனமா இறக்கி, கம்பனி வங்குரோத்தாகிடும். அதை விளையாடின பெடியள் வந்து "என்ட கேமை ஆக்கள் திருடுறாங்க, என்ன செய்யிறது" எண்டு கேட்டாங்க பாருங்க, அதுதான் உச்சம்.

மற்றப் பக்கம், ஐரோப்பிய ஆணைக்குழு காசு குடுத்துச் செய்வித்து 2015 இல முடிஞ்ச ஒரு பெரிய ஆய்வு, 2017 இலதான் வெளியில வந்துச்சு, கேம் விஷயத்தில திருட்டுக் கொப்பியால விற்பனை குறையுது எண்டதுக்கு உறுதியான ஆதாரம் அதில கிடைக்கேல்ல. ஸ்டீமை நடத்திற வால்வ் கம்பனித் தலைவர் கேப் நியூவெல் 2011 பக்கமே சொன்னதும் கிட்டத்தட்ட இதே வழி, விலையை விட சேவைதான் பிரச்சினை, திருடன் தாற வசதியை விடக் கூட வசதி குடுத்தா ஆக்கள் வாங்குவாங்க எண்டு. என்ட அபிப்பிராயம், பெரிய கம்பனிக்கு ஒரு கிராக் தூசு, தனி ஒருத்தர் நாலஞ்சு வருஷம் இருந்து செஞ்ச சின்னக் கேமுக்கு ஒவ்வொரு விற்பனையும் எண்ணத்தக்கது, அதால சின்ன ஆக்கள்ட கேமைக் கிராக் எடுக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. சின்னக் கேம்தான் விலையும் குறைவு, சைஸும் குறைவு, பழைய லப்டொப்லயும் ஓடும்.

காசுக் கதைக்கு வருவம். ஸ்டீம் எங்களுக்கு டொலர்லதான் விலை காட்டும். 2021 இல டொலர் 200 ரூபா இருக்கேக்க 60 டொலர் கேம் 12,000 ரூபா, 2022 நெருக்கடியில டொலர் 350 தாண்டினாப் பிறகு அதே கேம் 21,000, இப்ப 300 எண்டு வச்சாலும் 18,000. வேலைக்குப் போகாத பெடியனுக்கு இது பகிடி மாதிரித்தான் இருக்கும். சில கேம்களுக்கு தென்னாசியாவுக்கெண்டு குறைச்சு விலை போடுறாங்க, அது கேம் செஞ்சவங்கட விருப்பம், எல்லாரும் போடுறதில்ல. அதுக்கு மேல கார்ட் பிரச்சினை, சில பாங்க் கார்ட்ல வெளிநாட்டு ஓன்லைன் கட்டணத்தைக் கேட்டுத்தான் திறக்க வேணும், மாத்திற கட்டணமும் கொஞ்சம் வெட்டும்.

இந்த இடத்திலதான் பேஸ்புக்ல "500 ரூபாக்கு ஒரிஜினல் கேம்" எண்டு வாறவங்க பிடிக்கிறது. ஒரு அக்கவுண்டை நூறு பேருக்கு வித்து, ஓஃப்லைன் மோட்ல போட்டு விளையாடச் சொல்லுவாங்க, ஒரு நாள் பாஸ்வேர்ட் மாறும், அந்த ஆளும் பேஜும் இருக்காது. மலிவுக் கீ (கேமை அக்கவுண்ட்ல சேர்க்கிற இலக்கம்) விக்கிற வெப்சைட்டுகளும் கவனம், களவு கார்ட்ல வாங்கின கீயும் அங்க கலந்திருக்கும். மேல சொன்ன ஃபெக்டோரியோ கம்பனிட கீயில 198 அப்பிடி முறைகேடா வந்து தன்ட தளத்தில வித்துப் போனது எண்டு 2020 இல ஜி2ஏ எண்ட கீ விக்கிற தளம் ஒத்துக்கொண்டு 39,600 டொலர் கட்டினது. அந்தத் தளத்தில வாங்கிறதை விடத் திருடியே விளையாடுங்க எண்டு கேம் வெளியிடுற ஒருத்தர் 2019 இல பகிரங்கமாவே சொன்னார். காசும் போய்த் திருட்டும் செஞ்ச கணக்கு இதுதான்.

காசு இல்லாட்டி? சும்மா கிடைக்கிறதே விளையாடி முடிக்க ஏலாத அளவு இருக்கு. எபிக் 2018 டிசம்பர்ல இருந்து கேம் சும்மா குடுத்துக்கொண்டு வருது, இப்ப கிழமைக்குக் கிழமை, எடுத்து அக்கவுண்ட்ல போட்டு வைக்க டேட்டாவே தேவையில்ல, இறக்கிறது எப்ப எண்டாலும் இறக்கலாம். இட்ச் எண்ட தளத்தில சின்னச் சின்னக் கேம் ஆயிரக்கணக்கில, விரும்பினா காசு குடு எண்டு. புதுசா வாற ஆள் முதல் ஆறு மாசத்துக்கு ஒரு சதமும் செலவழிக்கத் தேவையே இல்ல, எந்த மாதிரிக் கேம் தனக்குப் பிடிக்கும் எண்டு தெரியாமலே காசைக் கொட்டிறதுதான் வீண்.

வாங்கிறது எண்டு முடிவெடுத்தா நான் பாக்கிறது இதுதான். முதல் லப்டொப்ட விபரத்தையும் கேம் கேக்கிற விபரத்தையும் ஒப்பிட்டுப் பாக்கிறது, தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாட்டி பெரிய கேம் பாதிப் பேச்சு அங்கயே முடிஞ்சிடும், கவலையும் மிச்சம். பிறகு ட்ரெய்லர் பாக்காம, கேம்ட நடுவில இருந்து ஆரோ கதைக்காம விளையாடுற வீடியோ ஒரு இருபது நிமிஷம் பாக்கிறது. பிறகு கெட்ட ரிவியூ, அதுவும் எழுதின ஆள் எத்தனை மணித்தியாலம் விளையாடினவர் எண்டு ஸ்டீம் காட்டும், ஒரு மணித்தியாலம் விளையாடி ஏசினவரை விட எண்பது மணித்தியாலம் விளையாடி ஏசினவர் சொல்றதில விஷயம் இருக்கும். ஒரு மணித்தியாலத்துக்கு இத்தனை ரூபா எண்டு பிரிச்சு மதிப்புப் போடுறதை நான் விட்டிட்டன், அப்பிடிப் பாத்தா இழு இழு எண்டு இழுக்கிற கேம்தான் நல்ல கேம் எண்டு வரும். ப்ரீ ஓர்டர், அதாவது வெளிவர முதலே காசு கட்டிறது, பண்ணாதீங்க, டவுன்லோட் கேம் முடிஞ்சு போற சாமான் இல்ல.

வாங்கினாலும் அது முழுசா உங்கட சொத்தில்ல எண்டதையும் தெரிஞ்சு வச்சிருங்க, நீங்க வாங்கிறது விளையாடுற அனுமதி. யூபிசொப்ட்ட த க்ரூ எண்ட கார் ஓட்டிற கேம் 2014 இல வந்தது, 2024 மார்ச் 31 இல சேர்வரை நிப்பாட்டினதோட காசு குடுத்தவங்களும் தனியா இருந்து கூட விளையாட ஏலாமப் போச்சு. எப்பவும் இன்டர்நெட் கேக்கிற கேமை நான் ரெண்டு தரம் யோசிச்சுத்தான் வாங்கிறது, நெட் போனாக் கேமும் போகும். ஜிஓஜியில வாங்கினா டிஆர்எம் இல்லாத இன்ஸ்டோலரை ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வச்சிரலாம், விலை ஒண்டாயிருந்தா எனக்கு அங்கதான் விருப்பம்.

பிடிச்ச கேமை விஷ்லிஸ்ட்ல போட்டு வைங்க, விலை குறைஞ்சா ஈமெயில் வரும். பெரிய சேல் ஜூன் கடைசி பக்கமும் டிசம்பர் கடைசியிலயும் வரும், டிசம்பர்ல லீவும் சேர்ந்து வாறதால வசதி. வாங்கினதுக்கு அடுத்த நாளே சேல் வந்தா அந்த ரிஃபண்ட் கணக்குக்குள்ள இருந்தாத் திருப்பிக் குடுத்திட்டு குறைஞ்ச விலைக்கு வாங்கலாம், ஸ்டீமே அதைப் பிழை இல்ல எண்டு சொல்லி வச்சிருக்கு, ஆனா கிழமைக்கு நாலு கேம் வாங்கித் திருப்பினா நிப்பாட்டிப்போடுவாங்க. ரிஃபண்ட் கேக்கேக்க காசைக் கார்ட்டுக்கு எடுக்காம ஸ்டீம் வொலட்டுக்கு (உங்கட ஸ்டீம் அக்கவுண்ட்ல காசு கிடக்கிற இடம்) எடுங்க, டொலர் ரூபாவாகித் திரும்ப டொலராகிற வெட்டு இல்லாம அடுத்த கேமுக்கு அப்பிடியே கிடக்கும்.